யூஎஸ்பி4, தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்புத் துளைகள் (போர்ட்) எல்லாம் எங்கள் பக்கத்துச் சாதாரணக் கணினிக்கு எப்போது வரும்? காத்திருப்பதா, வாங்குவதா?

கிளிநொச்சி ஸ்ரூடியோ:

வணக்கம். கிளிநொச்சியில் சின்ன ஸ்ரூடியோ ஒன்று நடத்துகிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று கிழமைக்கு இரண்டு வேலையாவது வரும். இப்போது எல்லாரும் 4கே கேட்கிறார்கள். விடியத் தொடங்கி இரவு வரை இரண்டு கமராவில் எடுத்தால் 400 ஜிபி வந்துவிடும். எடுப்பது பெரிய வேலை இல்லை, இறக்குவதுதான் ஆளைக் கொல்கிறது. கார்டில் இருந்து கணினிக்கு ஒரு தரம், கணினியில் இருந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு தரம். இரண்டும் முடிய ஒரு இரவு போகிறது. நடுவில் கரண்ட் போனால் திரும்பவும் முதலில் இருந்து.

ஒரே கொப்பியோடு விட்டுவிடலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்னால் முடியாது. கடைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேரிடம் 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. அல்பம், நெகட்டிவ், கசட் எல்லாம் இடம்பெயர்ந்த வழிகளில் போய்விட்டன. முன்பு எப்போதோ வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பிய ஒரு படத்தை அங்கிருந்து போனில் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பெரிதாக்கித் தாருங்கள் என்று வருகிறார்கள். அந்தப் படங்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு, இன்றைக்கு நான் எடுக்கிற கலியாணத்தை ஒரே டிஸ்க்கில் வைத்திருக்க மனம் வராது.

யூரியூப்பில் செக்கனுக்கு 40 ஜிகாபிட், 80 ஜிகாபிட் என்று காட்டுகிறார்கள். இங்கே கடையில் புது லப்டொப் விசாரித்தால் "3.2 இருக்கு அண்ணை" என்கிறார்கள், அதற்கு மேல் விளக்கம் இல்லை. இந்த வேகமான போர்ட்டுகள் சாதாரண விலைக் கணினிக்கு எப்போது இறங்கும்? ஒரு வருடம் பொறுத்தால் வருமா?

வவுனியா திருத்தகம்:

அண்ணை, பதினைந்து வருடமாகக் கணினி திருத்துகிறேன். இந்தக் கேள்விக்குப் பழைய கதையிலேயே பதில் இருக்கிறது.

யூஎஸ்பி 2.0 அறிவித்தது 2000 இல், வேகம் 480 மெகாபிட். ஆனால் இன்டெல் அதைத் தாய்ப்பலகையின் முக்கியச் சிப்பான தன் சிப்செட்டுக்குள்ளேயே சேர்த்தது 2002 இல்தான். அதற்குப் பிறகுதான் மலிவான தாய்ப்பலகைகளிலும் வந்தது. யூஎஸ்பி 3.0 அறிவித்தது 2008 நவம்பரில், 5 ஜிகாபிட். 2009, 2010 இல் அது வேண்டுமென்றால் தாய்ப்பலகையில் என்ஈசி நிறுவனத்தின் தனிச் சிப் ஒன்று இருக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. ஏஎம்டி 2011 இல் ஏ75 சிப்செட்டில் உள்ளேயே கொடுத்தது. இன்டெல் 2012 இல் 7 வரிசைச் சிப்செட்டில் கொடுத்தது. அந்த வருடத்தில் இருந்து 3.0ஐக் காட்டும் நீலத் துளை இல்லாத கணினியைக் காண்பது அரிதாகிவிட்டது.

தண்டர்போல்ட் கதையும் அதேதான். 2011 இல் மக்புக் புரோவில் வந்தது, 10 ஜிகாபிட். 2013 இல் 20, 2015 இல் டைப் சி வடிவத்தில் 40. எட்டு வருடம் அது விலை கூடிய கணினிகளைவிட்டு இறங்கவே இல்லை, ஏனென்றால் தனிச் சிப் வேண்டும். 2019 இல் இன்டெல் தன் பத்தாம் தலைமுறை லப்டொப் புரொசசர் சிலவற்றுக்குள் அதைச் சேர்த்தது. 2020 இல் பதினொராம் தலைமுறையில் தண்டர்போல்ட் 4. ஏஎம்டி 2022 இல் ரைசன் 6000 லப்டொப் புரொசசர்களில் யூஎஸ்பி4.

அறிவிப்பைப் பார்க்காதீர்கள், சிப்புக்குள் எப்போது ஏறியது என்று பாருங்கள். அதுதான் சாதாரண ஆளின் நாள். அந்த நாள் ஏற்கெனவே கடந்துவிட்டது. ஆனால் புரொசசருக்குள் இருந்தாலும் மலிவு லப்டொப் செய்கிறவர்கள் வெளியே துளை வைப்பதில்லை. 40 ஜிகாபிட் சமிக்ஞையைத் துளை வரைக்கும் பழுதில்லாமல் கொண்டுவர இடையில் இன்னொரு சிறிய சிப் வேண்டும், பலகையும் நல்லதாக இருக்க வேண்டும். அந்தச் செலவைத்தான் குறைக்கிறார்கள்.

மாங்குளம்:

எனக்கு வேறு கருத்து. இனிப் போர்ட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய காலம் இல்லை. ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் கிளவுட்டில் ஏற்றிவிட்டால் டிஸ்க்கும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். கனடாவில் இருக்கிற சொந்தக்காரர்கூட அடுத்த நாளே பார்க்கலாம்.

அறிவியல்நகர் மாணவி:

மாங்குளம் அண்ணா, கணக்கைப் பாருங்கள். 400 ஜிபி என்றால் 32 இலட்சம் மெகாபிட். மேலே ஏற்றும் வேகம் 20 மெகாபிட் என்று வைத்தால் 1,60,000 செக்கன், கிட்டத்தட்ட 44 மணித்தியாலம். அதுவும் ஒரு நிமிடம்கூட அறாமல் போனால். வெட்டி ஒழுங்குபடுத்திய படத்தை அனுப்ப இன்டர்நெட் நல்லது. மூலப் பதிவை வைத்திருக்க டிஸ்க்தான்.

ஸ்ரூடியோ அண்ணாவிடம் இரண்டு கேள்வி. கமராவில் போடுவது என்ன கார்ட்? கணினியில் எந்தத் துளையில் கார்ட் ரீடரைக் குத்துகிறீர்கள்?

கிளிநொச்சி ஸ்ரூடியோ:

எஸ்டி கார்ட் தங்கச்சி. 128 ஜிபி, கார்டில் ஒரு ரோமன் ஒன்று போட்டிருக்கிறது. ரீடரைக் கணினிக்கு முன்னால் உள்ள துளையில்தான் குத்துவேன், அதுதான் கைக்கு எட்டும். முன்னால் இரண்டு கறுப்பு. பின்னால் நான்கு கறுப்பு, இரண்டு நீலம். ஐ5 மூன்றாம் தலைமுறை, பாவித்தது, 2016 இல் வாங்கினேன். கொப்பி பண்ணும்போது செக்கனுக்கு 33, 34 எம்பி என்று காட்டும்.

அறிவியல்நகர் மாணவி:

அண்ணா, 34 எம்பி என்பது அச்சொட்டாக யூஎஸ்பி 2.0 இன் வேகம். 480 மெகாபிட்டை எட்டால் பிரித்தால் 60 எம்பி. அதில் கணினியும் ரீடரும் தமக்குள் பேசிக்கொள்வதற்கே பெரிய பங்கு போய்விடும், கைக்கு வருவது 30க்கும் 40க்கும் இடையில். நீங்கள் இவ்வளவு நாளும் 2000 ஆம் ஆண்டின் வேகத்தில் வேலை செய்திருக்கிறீர்கள். உங்கள் கணினியின் முதுகில் உள்ள நீலத் துளைகள் 5 ஜிகாபிட், அதாவது கைக்கு 400 எம்பிக்கு மேல்.

இன்னொன்று. கார்டில் உள்ள ரோமன் ஒன்று யூஎச்எஸ் ஒன்று என்ற வகையைக் குறிக்கும். அந்த வகையின் உச்சவரம்பே செக்கனுக்கு 104 எம்பி. நல்ல கார்ட் என்றால் 90 கிடைக்கும். ஆகவே நீங்கள் நாளைக்கே தண்டர்போல்ட் 5 உள்ள கணினியை 80 ஜிகாபிட் என்று வாங்கினாலும் அந்தக் கார்ட் 90க்கு மேல் தராது. ரோமன் இரண்டு போட்ட கார்ட் 312 வரை போகும், ஆனால் கமராவும் ரீடரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

எங்கள் அப்பா இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறவர். இதை அவருக்கு நான் சொன்னது இப்படி: பெரிய வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் வயலுக்குள் வருகிற துருசு (மதகு) சின்னதென்றால் அவ்வளவு தண்ணீர்தான் வரும். முதலில் எந்தத் துருசு சின்னது என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு முதலாவது துருசு முன்பக்கத் துளை. அதை மாற்றினால் அடுத்தது கார்ட். அதற்கு அடுத்தது ஹார்ட் டிஸ்க், சுழல்கிற டிஸ்க் 100 முதல் 150 எம்பி வரைதான் எழுதும்.

வவுனியா திருத்தகம்:

தங்கச்சி சொல்வது முழுக்கச் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சில பெட்டிகளில் முன்பக்கத் துளை நீலமாகவே இருக்கும், ஆனால் உள்ளே வயரை அடப்ரர் ஒன்று போட்டு 9 ஊசிப் பழைய இணைப்பில் செருகியிருப்பார்கள். 3.0 இணைப்பு பெரியது, 19 ஊசி. நேரே அதில் ஏறாது, அதனால்தான் அடப்ரர். நிறத்தை நம்பாமல் ஒரு பெரிய ஃபைலைக் கொப்பி பண்ணி வேகத்தைப் பாருங்கள். சில கம்பனிகள் 3.0க்கு நீலமே போடுவதில்லை, துளைக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்ற எழுத்து மட்டும் இருக்கும். மின்னல் குறியிலும் குழப்பம் உண்டு. டைப் சி துளைக்குப் பக்கத்தில் அம்புமுனை உள்ள மின்னல் என்றால் தண்டர்போல்ட். பழைய அகலத் துளைக்குப் பக்கத்தில் மின்னலோ பற்றரியோ இருந்தால் அது போன் சார்ஜ் பண்ண.

"3.2" என்று கடையில் சொன்னது பற்றியும் சொல்ல வேண்டும், அதில் ஏமாறுகிறவர்கள் கன பேர். 2008 இன் 3.0க்குப் பிறகு 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றினார்கள். அதற்குப் பிறகு 3.2 ஜென் 1. மூன்றும் ஒன்றுதான், அதே 5 ஜிகாபிட். ஆகவே "3.2 இருக்கிறது" என்பதில் ஒரு தகவலும் இல்லை. 5 ஆ, 10 ஆ, 20 ஆ, 40 ஆ என்று எண்ணைக் கேளுங்கள். இப்போது அந்த எண்ணையே பெட்டியில் போடச் சொல்லி யூஎஸ்பி அமைப்பும் பரிந்துரைத்திருக்கிறது.

முல்லைக்கரை:

உங்கள் கதையை வாசித்துக்கொண்டு வர எனக்குப் பழைய நினைவு வருகிறது. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு எங்கள் பக்கம் கணினி வகுப்புகள் தொடங்கின. வீட்டுக்குக் கரண்ட் இல்லை, ஜெனரேற்றரில்தான் வகுப்பு. அதற்கு முன்பு சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர். முதல் முதல் ஒரு பென் ட்ரைவைக் கண்டது அங்கேதான், 128 எம்பி. அந்தக் கணினியின் யூஎஸ்பி 1.1, 12 மெகாபிட். அந்தச் சின்னப் பென் ட்ரைவ் நிரம்ப இரண்டு நிமிடத்துக்குக் கிட்டப் போகும். ஜெனரேற்றருக்கு எண்ணெய் முடியப்போகிறது என்று மாஸ்டர் சொல்வார், நாங்கள் அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

கொப்பி முடியும் வரை கரண்ட் நிற்குமா என்ற பயம் 2022 இல் திரும்பவும் வந்தது. நாடு முழுக்க 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த மாதம். அப்போது என் லப்டொப்பில் பற்றரி முடியுமுன் பேரப்பிள்ளையின் படங்களை மாற்றிவிட முடிந்தது அந்த நீலத் துளையால்தான். வேகம் ஆடம்பரம் என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ரொறன்ரோ பரந்தன்:

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். தம்பியின் மகனுக்கு லப்டொப் ஒன்று கொண்டுவரலாம் என்று இருக்கிறேன், கம்பஸ் படிக்கிறான், வீடியோ வேலையும் செய்கிறான். இங்கே மலிவு விற்பனையில் புதுசு வாங்குவதா, அல்லது அலுவலகத்தில் பாவித்துக் கழித்ததை வாங்குவதா? இந்த இழையைப் பார்த்த பிறகு போர்ட் எதைப் பார்ப்பது என்றும் தெரிய வேண்டும்.

வவுனியா திருத்தகம்:

அண்ணை, என் அனுபவத்தில் இரண்டாவதுதான். இது முதல் கேள்விக்கும் பதில்.

பெரிய அலுவலகங்கள் மூன்று நான்கு வருடத்தில் லப்டொப்பை மாற்றும். அந்தப் பாவித்த லப்டொப்கள் கொழும்பு வழியாக எங்கள் கடைகளுக்கு வருகின்றன. அவை வாங்கும்போது விலை கூடியவை என்பதால் அந்தக் காலத்தின் நல்ல போர்ட்டோடு வரும். உதாரணத்துக்கு 2018 இல் வந்த திங்க்பாட் ரி480. அதில் தண்டர்போல்ட் 3 துளை இருக்கிறது. அதே விலைக்கு இன்று புதிதாக வருகிற மலிவு லப்டொப்பை எடுத்துப் பார்த்தால் கனக்கவற்றில் 5 ஜிகாபிட்டோடு நிற்கும், ஒரு துளை 2.0 ஆகவும் இருக்கும். எங்கள் ஊருக்கு வேகமான போர்ட் பழைய லப்டொப்பில்தான் முந்தி வந்தது. 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தாண்டிய பிறகு புதுசு வாங்குவது பலருக்குக் கனவு, ஆகவே இந்த வழி இன்னும் முக்கியம்.

ஒரு எல்லைக்கோடு வைத்துக்கொள்ளுங்கள்: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டது, 11க்கு எட்டாம் தலைமுறை வேண்டும். முடிந்தால் பதினொராம் தலைமுறை எடுங்கள், அதில் தண்டர்போல்ட் 4 உள்ளவை இப்போது பாவித்த சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. வாங்குமுன் டைப் சி துளையில் சார்ஜர் இறுக்கமாக நிற்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். நான் திருத்துகிற பாவித்த லப்டொப்பில் அதிகம் பழுதாகி வருவது அந்தத் துளைதான்.

அறிவியல்நகர் மாணவி:

பரந்தன் அங்கிள், லப்டொப்போடு நல்ல கேபிள் ஒன்றும் கட்டாயம் கொண்டுவாருங்கள். இங்கே டைப் சி கேபிள் என்று விற்கிறவற்றில் பெரும்பாலானவை சார்ஜ் கேபிள், உள்ளே 2.0 வயர் மட்டும். துளை 40 ஜிகாபிட் என்றாலும் அந்தக் கேபிளில் 480 மெகாபிட்தான் போகும். ஐபோன் 15 வந்தபோது சாதாரண மாடலுக்கு டைப் சி கொடுத்தும் உள்ளே 2.0 வேகம்தான். வடிவத்தைப் பார்த்து வேகத்தைச் சொல்லவே முடியாது. 40 என்று கேபிளின் தலையில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். நீளமும் வேண்டாம், சாதாரணக் கேபிளில் 40 ஜிகாபிட் 80 சென்ரிமீற்றர் வரைதான் ஒழுங்காகப் போகும்.

வெளி எஸ்எஸ்டி (சுழலாமல் சில்லில் எழுதுகிற டிஸ்க்) வாங்கினால் "20 ஜிகாபிட்" என்று போட்டதை யோசித்து வாங்குங்கள். அது 3.2 இல் இரண்டு பாதையைச் சேர்த்து ஓடும் வகை. தண்டர்போல்ட் துளைகள் பெரும்பாலும் அந்த வகையை ஏற்பதில்லை, 10க்கு இறங்கிவிடும். 10 ஜிகாபிட் எஸ்எஸ்டி எங்கேயும் ஓடும், 10 ஜிகாபிட் துளையில் 900 எம்பிக்கு மேல் தரும், காசும் மிச்சம். அதற்கு மேல் வேண்டியவர் நேரே யூஎஸ்பி4 பெட்டிக்குப் போகலாம்.

மைக்ரோசொப்ட் 2025 இல் ஒரு விதி அறிவித்தது. விண்டோஸ் 11 சான்று பெறும் லப்டொப்பில் உள்ள எல்லா டைப் சி துளையும் தரவு, சார்ஜ், திரை மூன்றையும் செய்ய வேண்டும், 40 ஜிகாபிட் துளை என்றால் தண்டர்போல்ட் 3 சாதனங்களையும் ஏற்க வேண்டும். இது வேகத்தைக் கூட்டாது, ஆனால் சும்மா சார்ஜுக்கு மட்டும் துளை வைக்கிற வேலை குறையும். என் கணிப்பு: புது மலிவு லப்டொப்பில் 10 ஜிகாபிட் பொதுவாக வந்துவிடும், 40 இன்னும் சில வருடம் நடு விலைக்கு மேலேதான் நிற்கும்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்:

நான் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளிடம் நான் தினமும் காண்கிற பிரச்சினை ஒன்று இங்கே வரவில்லை. பென் ட்ரைவ். "ரீச்சர், 3.0 பென் ட்ரைவ், நீலத் துளையில்தான் போட்டேன், ஆனால் 10 எம்பியில் எழுதுகிறது" என்று வருவார்கள். உள்ளே இருக்கிற நினைவகச் சில்லு மலிவென்றால் துளை என்ன செய்யும்? முதல் ஒன்றிரண்டு ஜிபி கெதியாகப் போகும், பிறகு படுத்துவிடும். பெரிய ஃபைல் ஒன்றை இடையில் நிறுத்தாமல் எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இன்னொன்று, 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறவில்லை என்றால் வேகத்தோடு சம்பந்தம் இல்லை, அது எஃப்ஏடி32 ஒழுங்கமைப்பின் எல்லை. எக்ஸ்எஃப்ஏடிக்கு மாற்ற வேண்டும். ஆனால் எக்ஸ்எஃப்ஏடியில் எழுதும்போது கரண்ட் போனாலோ இழுத்து எடுத்தாலோ முழுக் கோப்புறையும் பழுதாகலாம். ஸ்ரூடியோத் தம்பி, உங்கள் கணினிக்கு யூபிஎஸ் இருக்கிறதா? கொப்பி நாற்பது நிமிடத்துக்குள் முடியும் என்றால் ஒரு யூபிஎஸ் ஆபத்தைக் கன தூரம் குறைக்கும். ஆறு மணித்தியாலக் கொப்பிக்கு எந்த யூபிஎஸ்ஸும் நிற்காது.

எங்கள் ஊரில் வீடு வீடாக மிஞ்சிய படங்களை ஸ்கான் பண்ணிச் சேர்க்கிற வேலையைப் பிள்ளைகளோடு செய்துகொண்டிருக்கிறேன். வெளி டிஸ்க் ஒன்றில் மட்டும் இருக்கிறது. உங்கள் முதல் பதிவை வாசித்த நேரத்தில் இருந்து அது மனதைக் குடைகிறது.

கிளிநொச்சி ஸ்ரூடியோ:

எல்லாருக்கும் நன்றி. ஐந்து நாள் கழித்து வருகிறேன், செய்து பார்த்ததைச் சொல்ல.

புதுக் கணினி வாங்கவில்லை. 1 ரிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி உள்ளே போட்டேன், 3.0 கார்ட் ரீடர் இரண்டு வாங்கினேன். பின்பக்க நீலத் துளை இரண்டிலும் ஒவ்வொன்று. ஞாயிற்றுக்கிழமை முறிகண்டிப் பக்கம் ஒரு கலியாணம், இரண்டு கமராவின் கார்டுகளையும் ஒரே நேரத்தில் இறக்கினேன். ஒவ்வொன்றும் 80, 85 எம்பி. 390 ஜிபி 41 நிமிடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு ரீடர் ஒன்றைக் கழற்றிவிட்டு அதே துளையில் என் பழைய வெளி ஹார்ட் டிஸ்க்கைக் குத்தினேன். அதன் முனை அந்த அகலமான இரட்டை முனை, அதுவும் 3.0 என்று இப்போதுதான் தெரியும். ஒரு மணித்தியாலம் ஐந்து நிமிடம். மணி பதினொன்றுக்கு இரண்டு கொப்பியும் கையில். அன்றைக்கு வீட்டில் பிள்ளைகளோடு இருந்து சாப்பிட்டேன்.

ஒரு சந்தேகம். இரண்டு ரீடரில் இருந்தும் நேரே வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போட்டுப் பார்த்தேன். 40 எம்பிக்கு விழுந்துவிட்டது. ஏன்?

அறிவியல்நகர் மாணவி:

அண்ணா, நீலத் துளை இரண்டிலும் ரீடர் என்றால் டிஸ்க் கறுப்புத் துளையில்தானே, அதில் 40க்கு மேல் வராது. அதோடு சுழல்கிற டிஸ்க்கில் எழுதும் முள்கள் எல்லாம் ஒரே கையில்தான். இரண்டு பக்கத்தால் வந்தால் அங்கும் இங்கும் ஓடுவதிலேயே நேரம் போய்விடும். எஸ்எஸ்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நீங்கள் முதலில் செய்த ஒழுங்குதான் சரி, இரண்டு கார்டும் எஸ்எஸ்டிக்கு, அங்கிருந்து ஒரே ஓட்டமாக ஹார்ட் டிஸ்க்குக்கு. கையில் காசு சேரும்போது ரோமன் இரண்டு கார்டைப் பாருங்கள், ஆனால் அதற்கு முதல் கமராவின் கையேட்டைப் பாருங்கள்.

மாங்குளம்:

41 நிமிடம் என்றால் நான் சொன்ன கிளவுட் கதையை விடுகிறேன். என் மேசைக் கணினியும் மூன்றாம் தலைமுறைதான், பின்னால் போய்ப் பார்த்தேன், இரண்டு நீலத் துளை இருக்கிறது. தூசு மூடிக்கொண்டு, குத்திய அடையாளமே இல்லை.

கிளிநொச்சி ஸ்ரூடியோ:

ரீச்சர், உங்கள் ஸ்கான் டிஸ்க் எவ்வளவு ஜிபி? வருகிற சனிக்கிழமை ஒட்டுசுட்டானில் வேலை இருக்கிறது, முடிய உங்கள் பக்கம் வரலாம். வெறும் டிஸ்க் ஒன்றும் கேபிளும் கொண்டுவருகிறேன்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்:

210 ஜிபி தம்பி. பள்ளிக்கூடக் கணினிகள் எல்லாம் கறுப்புத் துளை, அதனால் என் லப்டொப்பை எடுத்து வைக்கிறேன், அதில் நீலம் ஒன்று இருக்கிறது. இரண்டாவது டிஸ்க்கை நீங்கள் கிளிநொச்சியிலேயே வைத்திருங்கள், இரண்டும் ஒரே ஊரில் இருக்க வேண்டாம்.